ஏறும் முன் நான் பரிசோதித்த ஆம்புலன்ஸ்

என் வாழ்க்கையில் இரண்டு முறை ஆம்புலன்சில் போயிருக்கிறேன். இரண்டு முறையும் மலேசியாவில் எங்கள் ஊரான பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு, இரண்டு முறையும் தனியார் வண்டி, இரண்டு முறையும் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது மனம் மட்டும். முதல் முறை பட்டுப் புடவையில் போனேன். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிரிப்பு வருவதற்குச் சில வருடங்கள் ஆயின.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து பாகாட்டில் ஒரு துணித் தொழிற்சாலையில் இருபது வருடமாகக் கியூசி வேலை பார்க்கிறேன். தைத்து முடிந்த சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே பட்டன் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். சரியென்றால் அடுத்த மேசைக்குப் போகும், இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர். இந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடியாது. கல்யாணத்துக்குப் போனால் நான் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டேன், அவர் ஜிப்பாவின் காலரைப் பார்ப்பேன். என் கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். என்னோடு வெளியே கிளம்பும்போது மட்டும் தன் சட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார். கோபமும் எனக்கு மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அது நோய் அல்ல, பிறவிக் குணம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

நோய்க்குப் பெயர் பைப்போலார். அது எனக்கு ஊசி வடிவத்தில் வந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் வைத்து டேப் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி கொடுப்பார்கள். குழந்தைத் துணிக்குள் ஒரு துண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் விதியின் அருமை தெரியும். ஒரு நாள் ஓர் ஊசியின் முனை மட்டும் கிடைக்கவில்லை. மேனேஜர் அந்த லைனில் இருந்த துணி அத்தனையையும் மெட்டல் டிடெக்டரில் இரண்டு தடவை விட்டுப் பார்த்துவிட்டு, தரையில் விழுந்து குப்பையோடு போயிருக்கும் என்று முடித்துவிட்டார். எல்லாரும் முடித்துவிட்டார்கள். நான் முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் தேடினேன். முதலில் என் கைப்பை, பிறகு கணவரின் சட்டைகள், பிறகு தலையணை, திரைச்சீலை, சோபா. ஒவ்வொன்றையும் தையல் பிரித்துப் பார்த்தேன். ஐந்து நாள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வாய் மட்டும் ஓயவில்லை. போட்டுக்கொள்ள முழுசாக ஒரு சட்டை இல்லாமல் கணவர் பனியனோடு பஸ் ஓட்டப் போனார். போனவர் பாதியில் திரும்பி வந்து என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டர் ஜொகூர் பாருவில் உள்ள மனநல மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

எப்படிக் கொண்டு போவது என்பதுதான் கேள்வி. ஹைவேயில் நான் கார்க் கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிகாமட்டிலிருந்து என் அண்ணன் வந்தார். அப்பா அம்மா போன பிறகு எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். அவர் யாரிடமோ நம்பர் வாங்கி ஒரு தனியார் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஜேபி கோயில்ல உன் பேருக்கு ஸ்பெஷல் அர்ச்சனை சொல்லியிருக்கேன். கோயில்லேருந்தே வேன் அனுப்பறாங்க. நல்ல பொடவையா கட்டிக்கம்மா."

நம்பினேன். ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், இருக்கிற ஒரு கோயில் எனக்காக வேன் அனுப்புகிறது என்பதில் அன்றைக்கு எனக்கு ஆச்சரியமே இல்லை, அனுப்ப வேண்டியதுதானே என்று இருந்தது. பட்டுப் புடவை, தலையில் பூ, கையில் பழத்தட்டோடு போய் ஏறினேன். கோயில் வண்டிக்குள் எதற்குப் படுக்கை என்று கேட்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை குறையையும் கண்டுபிடிக்கிற நான் அதை மட்டும் கோட்டைவிட்டேன்.

இது எங்கள் அண்ணனின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனையில் என் வார்டில் இருந்தவர்களை விசாரித்தேன். தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் கோயிலுக்கு என்று சொல்லித்தான் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். பெக்கோக்கிலிருந்து வந்த ஒருத்தியைப் பத்துமலைக்கு என்று ஏற்றியிருக்கிறார்கள். பத்துமலை வடக்கே இருக்கிறது, வண்டி தெற்கே வந்திருக்கிறது. ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் கூலாய் வரும்வரை அவள் முருகா முருகா என்று கும்பிட்டுக்கொண்டே வந்தாளாம். இதை அவள் சொன்னபோது வார்டே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

ஆனால் அந்தப் பயணத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. வண்டியின் பின்னால் என்னோடு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். கணவரும் அண்ணனும் காரில் பின்தொடர்ந்தார்கள். ஆயர் ஈத்தாம் டோலைத் தாண்டும்போது, எந்தக் கோயில் என்று கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, படுக்கையில் பெல்ட் கிடையாது, விழுந்தேன். இருவரும் என்னை அமுக்கிப் பிடித்து, புண்ணுக்குச் சுற்றுகிற துணியால் என் இரண்டு மணிக்கட்டையும் படுக்கைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். புடவை விலகிவிட்டது. ஒருவர் குனிந்து அதை இழுத்துச் சரிசெய்தார். அவர் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனாலும் முன்பின் தெரியாத ஓர் ஆணின் கை என் மார்பில் இருந்த துணியை எடுத்துப் போட்டபோது, என் கை இரண்டும் கட்டப்பட்டிருந்தன. வேண்டாம் என்று கத்தினேன். பைத்தியம் கத்துகிறது என்றுதான் அவர்களுக்குக் கேட்டது. ஜொகூர் பாரு வரும்வரை அழுதேன். அவ்வளவு அவமானத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

கணவரும் அண்ணனும் எனக்குப் பிறகு முக்கால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். வழியில் மாச்சாப்பில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்கிறார்கள். கணவர் இன்றுவரை என் முன்னால் ரொட்டி சானாய் கேட்பதில்லை.

மூன்று வாரத்தில் வீடு திரும்பினேன். மாத்திரை ஒத்துக்கொண்டது. தொழிற்சாலையில் என் மேசை எனக்காக இருந்தது. அண்ணன் பார்க்க வரும்போதெல்லாம், "எல்லாம் உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்பார். அவர் எப்போதாவது கோயிலுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால், "எந்தக் கோயில்? வண்டியில படுக்கை இருக்கா?" என்று கேட்பேன். அவர் அசடு வழிவார். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

இந்த நோய் திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு நோய்கூடப் பயமாக இல்லை. மறுபடி அந்த வண்டியில் போக வேண்டியிருக்குமோ என்பதுதான் பயம். அப்போது நான் ஒன்று வேண்டாம் என்றால் அது எடுபடுமா? உளறலில் ஒரு உளறலாகப் போய்விடுமா? இந்த ஒரு கேள்வி என்னைப் போட்டு அரித்தது.

சும்மா இருக்கிற ஆளா நான்? தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கும் போன் போட ஆரம்பித்தேன். மனநலம் சரியில்லாத ஒரு பெண்ணை ஜேபிக்குக் கொண்டு போக வேண்டும், என்னென்ன வசதி இருக்கிறது என்று கேட்பேன். "ஆள் வயலன்ட்டா?" என்று ஒருவர் கேட்டார். "இப்ப இல்ல, இப்ப மீ கோரேங் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். இன்னொருவர், "கவலையே படாதீங்க, கயிறெல்லாம் ரெடியா இருக்கு" என்று தைரியம் சொன்னார். மூன்றாமவருக்கு நான் கேட்டது எதுவும் காதில் ஏறவில்லை, சைரன் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே நின்றார். பின்னால் யார் உட்காருவார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி, பெண் நோயாளி என்றால் பெண் ஒருவர் வருவாரா என்று கேட்டால் எல்லாரும், "நீங்க யாரு பேசறீங்க?" என்றார்கள்.

இந்த வண்டிகளை யார் மேற்பார்வை பார்க்கிறார்கள் என்றும் விசாரித்தேன். ஒரு கவுண்டர் என்னை அடுத்த கவுண்டருக்கு அனுப்பியது, அது அதற்கடுத்ததற்கு. டயரையும் பிரேக்கையும் பார்க்க ஆள் இருக்கிறது. பின்னால் படுத்துக்கொண்டு போகிறவளை யார் பார்ப்பது என்று மட்டும் நான் கேட்ட இடத்தில் யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

குளுவாங்கில் ஒரு சின்ன நிறுவனம், மொத்தமே இரண்டு வண்டி. அதன் முதலாளியே டிரைவர், முப்பத்தைந்து வயதுத் தமிழர். போனில் அவர் மட்டும்தான், "நேர்ல வந்து வண்டியப் பாருங்கக்கா" என்றார். சொல்லியிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரையும், இஞ்ச் டேப்பையும், தொழிற்சாலை கிளிப்போர்டையும் எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

"பேஷண்ட் யாருக்கா?" என்று கேட்டார்.

"நான்தான்."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் வானத்தைப் பார்த்தார்.

படுக்கையில் ஏறிப் படுத்து, பக்கத்துப் பெட்ரோல் ஸ்டேஷனைச் சுற்றி ஓட்டச் சொன்னேன். மூன்று சுற்று. கால் பக்கத்துப் பெல்ட்டின் கொக்கி உடைந்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டாமல் சும்மா சாய்த்து வைத்திருந்தார்கள், வண்டி திரும்பும்போது அது என் தலைக்கு மேலே ஆடியது. நெஞ்சு பெல்ட்டின் ஓரம் பிசிறடித்துத் தோலை அறுத்தது. ஆளைக் கட்ட வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒழியக் கட்டுவதில்லை என்றும், அதற்கென்றே உள்ளே பஞ்சு வைத்த பட்டை இருக்கிறது என்றும் சொல்லி எடுத்துக் காட்டினார். அதன் தையலைப் பார்த்தேன், நல்ல இரட்டைத் தையல். முதல் முறையாக அவரைப் பாராட்டினேன். மனிதர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் மறுபடி போய்ப் பார்த்தபோது கொக்கி புதிது, சிலிண்டருக்குப் பட்டை, நெஞ்சு பெல்ட்டும் மாறியிருந்தது. "நீங்க வருவீங்கன்னு பயந்துகிட்டே மாத்திட்டேன்கா" என்றார். அவரிடம் பெண் ஊழியர் ஒருவரும் இருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினேன். எனக்கு மறுபடி உடம்புக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. பொய் சொல்லி ஏற்றக் கூடாது. கணவர் என்னோடு பின்னால் உட்கார வேண்டும். இன்னும் சில சில்லறை விஷயங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் ஒரு பெண் இல்லாமல் நான் ஏறமாட்டேன், எந்த நிலையில் இருந்தாலும் இது என் வார்த்தை. எழுதி, கணவரிடம் கையெழுத்து வாங்கி, குளுவாங் டிரைவரிடமும் வாங்கிவிட்டேன். அண்ணன்தான் முரண்டு பிடித்தார்.

"புத்தி சரியில்லாத நேரத்துல நீ சொல்றத எப்படிம்மா கேக்கறது?" என்றார்.

"அதனாலதாண்ணே புத்தி சரியா இருக்கும்போதே சொல்லி வைக்கிறேன்."

"அலமாக், உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அது நான்கு வருடம் அங்கேயே இருந்து மஞ்சளடித்துப் போனது.

அந்த நான்காவது வருடம் தீபாவளிக்கு முந்தைய ஓவர்டைமில், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினேன். என் தப்புதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. இனி சொல்லப்போவதில் பாதி எனக்கு ஞாபகம் இருப்பது, பாதி கணவர் பிறகு சொன்னது.

இந்த முறை ஊசி இல்லை. மனிதர்களின் தையல் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் போய், உங்கள் மகனின் கல்யாணம் ஓரம் அடிக்காத கல்யாணம், பிரிந்துவிடும் என்று சொன்னேன். தொழிற்சாலையிலிருந்து ஒரு கட்டு சிவப்பு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, முழுக்க ஒட்டினேன். கேட், கார்க் கண்ணாடி, மாமரம், தபால்காரரின் ஹெல்மெட், ஒன்றையும் விடவில்லை. எங்கள் தெருவில் அன்றைக்கு என்னிடம் பாஸானது ஒரு பூனை மட்டும்தான்.

கணவர் என் எதிரே வந்து நின்றார். அவருக்குப் பொய் வராது, அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

"உனக்குத் திரும்பவும் வந்துருச்சும்மா. டாக்டர்கிட்ட பேசிட்டேன். ஜேபிக்குப் போகணும். ஆம்புலன்ஸ் வருது, நானும் கூட வர்றேன்."

கன்னாபின்னாவென்று திட்டினேன். ஒரு சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்து அவர் நெற்றியில் ஒட்டினேன். அவர் அதை எடுக்கவில்லை. எடுத்தால் சண்டை வளரும் என்று நினைத்தாராம்.

காலை பத்து மணிக்குக் குளுவாங் வண்டி வந்தது. அண்ணனும் சிகாமட்டிலிருந்து வந்துவிட்டார். வண்டியிலிருந்து டிரைவர் இறங்கினார், பின்னாலிருந்து இன்னோர் ஆண் இறங்கினார். அவ்வளவுதான்.

"அண்ணே, நம்ம லேடி ஸ்டாஃபோட புள்ளைக்குக் காய்ச்சல், வர முடியல" என்று டிரைவர் கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பேசிக்கொண்டே இருந்தேன். ஹைவே என்னுடையது, டோலில் யாரும் நிற்க வேண்டாம் என்றேன். டிரைவரின் மீசையில் இடது பக்கம் நூல் விட்டிருக்கிறது என்றேன். மேகம் ஒன்றுக்கும் ஓரம் அடிக்கவில்லை, எல்லாவற்றையும் திருப்பி அனுப்புங்கள் என்றேன். இதற்கு நடுவில், "பின்னால பொம்பள இல்ல. ஏற மாட்டேன். ரிஜெக்ட்" என்றேன்.

"அவ இப்ப ஆயிரம் சொல்லுவா மாப்பிள்ளை. அதெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா?" என்றார் அண்ணன். "ஆளுக்கு ஒரு கை புடிச்சா ரெண்டு நிமிசத்துல ஏத்திடலாம் லா. ரெண்டு மணி நேர ஓட்டம்தானே!"

கணவர் வீட்டுக்குள் போனார். அவர் என் கைப்பையை எடுக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அவர் ஃபிரிட்ஜில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு வந்தார். கேட்டின் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் என் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"மச்சான், இன்னிக்கு இவ சொல்றதுல மேகத்துக்கு ஓரம் அடிக்கல, மீசையில நூல் விட்டிருக்கு, எல்லாம் இருக்கு. அது எதுவும் இந்தத் தாள்ல இல்ல. பின்னால ஒரு பொம்பள வேணும்கறது மட்டும் ரெண்டுலயும் இருக்கு. அன்னிக்கும் சொல்லியிருக்கா, இன்னிக்கும் சொல்றா. அப்ப அது நோய் பேசறது இல்ல. அவ பேசறது."

டிரைவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "நானும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணே" என்றார். யோங் பெங்கில் அவருக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் இருந்தார். கிளம்பி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அதுவரை இவளை யார் பார்த்துக்கொள்வது என்று அண்ணன் கேட்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கணவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் தெருவில் ஒரு சின்னத் திருவிழா. நான் வண்டியை முழுக்கப் பரிசோதித்தேன். கூட வந்த ஆண் ஊழியரைப் படுக்கையில் படுக்கச் சொல்லிப் பெல்ட் போட்டுப் பார்த்தேன், அவர் பாவம் மறுப்புச் சொல்லாமல் படுத்தார். அண்ணன் கோபத்தோடு நடந்து போய், கோபத்தோடேயே எல்லாருக்கும் மீ கோரேங் பொட்டலம் கட்டி வாங்கி வந்தார். மகனின் கல்யாணம் பிரிந்துவிடும் என்று நான் சாபம் விட்ட அதே சீன ஆன்டி ஒரு ஜாடி பார்லித் தண்ணீரோடு வந்து, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தத் தெருவில் இத்தனை வருடம் இருந்ததற்கு அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு அந்த நர்ஸ் வந்தார். நாற்பது வயது மலாய்ப் பெண், தோளில் ஒரு பை. என் கையைப் பிடித்து சலாம் செய்தார். நான் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவங்களும் வேணாம். நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

எல்லாரும் கணவரைப் பார்த்தார்கள். அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் என் கையெழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தார்: "பெண் வந்துவிட்டால் நான் ஏறுவேன். அதற்குப் பிறகு வேறு சாக்குச் சொன்னால் என் பேச்சைக் கேட்க வேண்டாம்."

"இதை எவ எழுதினா?" என்று கத்தினேன்.

"நீதான்" என்றார் கணவர்.

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். என் எழுத்துதான், சந்தேகமே இல்லை. எழுதியவளைத் திட்டிக்கொண்டே ஏறினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. நானே ஏறிப் படுத்தேன். கணவர் தாளில் இருந்தபடி என்னோடு பின்னால் உட்கார்ந்தார்.

அந்த நர்ஸ் ஒவ்வொரு பெல்ட்டையும் எடுத்துக் காட்டி, "போலே, காக்?" என்று கேட்டார். போடலாமா அக்கா என்று. நான் "போலே" என்றால்தான் மாட்டினார். கால் பெல்ட்டுக்குக் கேட்டார், நெஞ்சு பெல்ட்டுக்குக் கேட்டார், என் துப்பட்டாவை ஒதுக்கி வைப்பதற்கும் கேட்டார். பெல்ட்டுக்கும் எனக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று நான் பார்த்துச் சரி என்ற பிறகு டிரைவரிடம் கிளம்பலாம் என்றார். என் இரண்டு கையும் சும்மா என் வயிற்றின் மேல் கிடந்தன. மாச்சாப் வரைக்கும் மேகங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன், அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் தூங்கிவிட்டேனாம். ஆறு நாளில் அதுதான் எனக்கு முதல் தூக்கம். கணவர் எழுப்பும்போது மருத்துவமனை வாசலில் இருந்தோம், அண்ணனும் காரில் பின்னாலேயே வந்துவிட்டார்.

உள்ளே எங்களைப் பார்த்த டாக்டர் இளம் தமிழ்ப் பெண். நர்ஸ் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். கட்டவில்லை, மருந்து போடவில்லை, தானே ஏறி வந்தார், வழியில் தூங்கினார் என்று மலாயில் சொன்னார். டாக்டர் என்னிடம் நாள், கிழமை, இடம் எல்லாம் கேட்டார். சொன்னேன், கூடவே அவருடைய வெள்ளைக் கோட்டின் பை கோணலாகத் தைத்திருக்கிறது என்றும் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். உண்மையிலேயே கோணல்தான். பிறகு இங்கே சில நாள் தங்கி மருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று என்னையே கேட்டார். யோசித்தேன். கணவர் முகத்தைப் பார்த்தேன். சம்மதம் என்றேன்.

மேசையின் மேல் ஒரு படிவம் வந்தது. சேர்த்துக்கொள்வதற்குச் சம்மதம் கொடுக்கிற படிவம். முதல் முறை இப்படி ஒரு தாள் இருந்ததே எனக்குத் தெரியாது. நான் எங்கேயோ அழுதுகொண்டிருக்க, வேறு யாரோ கையெழுத்துப் போட்டு என்னைச் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் கணவரிடம் நீட்டினார்.

"அவங்ககிட்ட குடுங்க சார். அவங்கதான் போடணும்" என்றார் டாக்டர்.

அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, பேனாவின் மூடியைக் கழற்றி, என் விரல்களுக்குள் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு நான் உன்னக் கேட்டிருக்கணும்மா" என்றார்.

முழுசாகப் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன்.

"படி. மெதுவாவே படி" என்றார் அண்ணன். டாக்டரும் கணவரும் அவரும் காத்துக்கொண்டு நிற்க, நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.